உயிலில் எக்ஸிகியூட்டராகப் போட்டுவிட்டார்கள், வீட்டை விற்பது எப்படி?

பெரம்பூரில் என் அத்தைக்கு ஒரு வீடு இருந்தது. அரை கிரவுண்டு மனை, அதாவது 1200 சதுர அடி. கீழே அத்தை, மாடியில் ஒரு குடித்தனம், பின்னால் ஒரு கிணறு. மாநகராட்சிப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டை விற்று, கடன் இருந்தால் அடைத்து, மீதியை அண்ணன் தம்பி பிள்ளைகள் ஐந்து பேருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று உயில் எழுதி, அதை நிறைவேற்றும் பொறுப்பை, அதாவது எக்ஸிகியூட்டர் வேலையை, என் தலையில் வைத்துவிட்டுப் போனார். ஐவரில் நானும் ஒருத்தி. இன்னொருவன் ஓசூரில் இருக்கும் என் அண்ணன். மற்ற மூவரும் சித்தப்பா பிள்ளைகள், அதில் ஒருத்தி கனடாவில். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். "நீதான்டி பைசா பைசாவா கணக்கு கேக்கறவ" என்று அத்தை சொல்வார். அதுதான் என்னைப் போட்டதற்குக் காரணம்.

சொந்த வீட்டை விற்கிறவர் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸிகியூட்டர் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். வாங்குகிறவரின் வக்கீல், பங்கு வர வேண்டிய சொந்தங்கள், வருமான வரித்துறை, சில சமயம் நீதிமன்றம், இத்தனை பேரும் ஒரே ஃபைலைத்தான் பார்க்கப்போகிறார்கள். அதனால் முதல் நாளே ஒரு நோட்டு போடுங்கள். பூட்டு வாங்கிய ரசீதிலிருந்து அதில் ஏற வேண்டும். சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதை ஒருவரிடம் போனில், இன்னொருவரிடம் கல்யாண வீட்டில் என்று சொல்லாமல், எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் எழுதி அனுப்புங்கள். நான் வாட்ஸ்அப் குழு வைக்கவில்லை. அதில் குட் மார்னிங் பூக்களுக்கு நடுவே விஷயம் தொலைந்துபோகும். மின்னஞ்சல்தான். சித்தப்பாவுக்கு மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்த வேலை வேண்டாம் என்று நினைத்தால் ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் வாடகை வாங்கி, கடன் அடைத்து, வேலையைத் தொடங்கிய பிறகு நடுவில் கழற்றிக்கொள்வது சிரமம்.

உயிலும் பீரோவும்

உயிலின் அசலைக் கையில் எடுத்ததும் செய்யக் கூடாதவை சில உண்டு. லேமினேட் செய்யாதீர்கள், ஸ்டேப்ளரைப் பிரிக்காதீர்கள், ஓரத்தில் பென்சிலால்கூட ஒன்றும் குறிக்காதீர்கள். ஸ்கேன் எடுத்துவிட்டு அசலைப் பத்திரப்படுத்துங்கள், அது நீதிமன்றத்துக்குப் போகலாம். உயில் பதிவு செய்யப்பட்டிருந்தால் நல்லது. பதிவு செய்யாத உயிலும் செல்லும். பதிவாகிவிட்டது என்பதால் மட்டும் உயில் நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது வந்து, "ஆமாம், அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே முதல் வாரத்திலேயே அந்தச் சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். அத்தையின் சாட்சிகள் இருவரும் அவரோடு வேலை பார்த்த டீச்சர்கள். இருவருக்கும் எண்பதை நெருங்கும் வயது. இதைத் தள்ளிப்போட முடியாது.

இறப்புச் சான்றிதழைச் சென்னை மாநகராட்சித் தளத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம். அதில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்பதை அன்றைக்கே பாருங்கள். காரணம் பின்னால் வருகிறது.

வீட்டைப் பூட்டும்போது தனியாகப் போகாதீர்கள். நான் சித்தப்பாவையும் மாடிக் குடித்தனக்காரரையும் கூட வைத்துக்கொண்டு, அறை அறையாக வீடியோ எடுத்தேன். பீரோ சாவி உளுந்து டப்பாவுக்குள் இருந்தது. லாக்கரில் இரண்டு வளையல், ஒரு ஜோடித் தோடு, எல்ஐசி பாலிசி, வீட்டுப் பத்திரம், பிறகு ஒரு பழைய டிபன் பாக்ஸ். அதைத் திறந்தால் நகைக்கடன் ரசீது. ஐந்து சவரன் சங்கிலியை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார், எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. சித்தப்பா ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று நாலு தடவை சொன்னார். இருந்த சாமான் அத்தனையையும் அங்கேயே உட்கார்ந்து பட்டியல் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். பித்தளைக் குடம், கிரைண்டர், தையல் மெஷின் வரைக்கும். நகையை எடை போட்டுச் சீட்டு வாங்கி வைத்தேன். பின்னால் "அத்தையோட காசுமாலை ஒண்ணு இருந்துச்சே" என்று ஒருவர் ஆரம்பித்தபோது, அந்தப் பட்டியலின் நகலை அனுப்பினேன். பேச்சு அதோடு நின்றது.

பிறகு வங்கி. இறந்தவரின் எஸ்டேட்டுக்கு, அதாவது அவர் விட்டுப்போன மொத்தச் சொத்துக்கு, எக்ஸிகியூட்டர் பெயரில் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். வாடகை, எல்ஐசி, வீட்டு விலை எல்லாம் அதில் வர வேண்டும். செலவெல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கில் நூறு ரூபாய்கூடக் கலக்க வேண்டாம். ஓய்வூதியம் வாங்கியவராக இருந்தால் அந்த அலுவலகத்துக்கும் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். இறந்த பிறகு வரவான பென்ஷனைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அது தெரியாமல் பணத்தை எடுத்துச் செலவு செய்துவிட்டால் நீங்கள்தான் கட்ட வேண்டிவரும்.

யாருக்கு முதலில்?

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. ஈமச் செலவும் கடைசிக்கால மருத்துவச் செலவும் முதலில். அடுத்து புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று, வாங்கும் செலவு. அதற்கடுத்து, கடைசி மூன்று மாதத்தில் அவரிடம் வேலை செய்தவர்களுக்குப் பாக்கியுள்ள கூலி. அதன் பிறகுதான் மற்றக் கடன்கள். கடனெல்லாம் தீர்ந்த பிறகே உயிலில் சொன்ன பங்குகள்.

அந்த மூன்றாவது இடத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தை வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. அதை வங்கிக் கடனுக்கு முன்னால் கொடுக்கச் சொல்லி 1925-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். முறையாக ரசீது எழுதிக் கொடுத்தேன். "ரசீதெல்லாம் எதுக்கு பாப்பா, டீச்சரம்மா மாதிரியே பண்ற" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நகைக்கடனை எல்ஐசி பணம் வந்ததும் அடைத்தேன். வட்டி ஓடுகிற கடனை வீடு விற்கும் வரை காத்திருக்க விடுவதில் அர்த்தமில்லை.

"எப்போ பணம் வரும்?" என்ற கேள்வி பதினாறாம் நாள் காரியத்திலேயே வந்துவிடும். இறந்த நாளிலிருந்து ஒரு வருடம் முடியும் வரை பங்கைக் கொடுக்கும்படி எக்ஸிகியூட்டரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. முதல் கடிதத்திலேயே அதை எழுதிவிடுங்கள். வாயால் சொன்னால் இழுத்தடிக்கிறாள் என்பார்கள்.

புரொபேட் வேண்டுமா?

சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயில், அல்லது அந்த எல்லைக்குள் உள்ள வீடு மனையைப் பற்றிய உயில் என்றால், இந்துக்களுக்குப் புரொபேட் கட்டாயம் என்று அந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு நெடுங்காலம் சொல்லிவந்தது. மதுரையிலோ திருச்சியிலோ அந்தக் கட்டாயம் இருந்ததே இல்லை. கிறிஸ்தவர்களுக்கு 2002-லேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 213-ஐயே எடுத்துவிட்டது. நாங்கள் விண்ணப்பித்தபோது கட்டாயமாக இருந்தது, வாங்கினோம்.

இப்போது கட்டாயம் இல்லை. அப்படியானால் விட்டுவிடலாமா? என் கருத்து: எல்லா வாரிசுகளும் ஒத்துப்போய், வாங்குகிறவர் கைக்காசு போட்டு வாங்கி, அவருடைய வக்கீலும் சரி என்று சொன்னால் விட்டுவிடலாம். வங்கிக் கடனில் வாங்குகிறவர் என்றால் வங்கியின் வக்கீல் என்ன கேட்பார் என்று முதலிலேயே விசாரியுங்கள். யாராவது ஒருவர் முறுக்கிக்கொண்டு நிற்கிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம், புரொபேட் வாங்குங்கள். அது கையில் இருந்தால் "அந்த உயிலே பொய்" என்று பிறகு எவரும் வாங்கியவர் வீட்டுக் கதவைத் தட்டுவது எளிதல்ல.

சென்னையில் இது உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில், அதாவது மேல்முறையீடாக இல்லாமல் நேரடியாக வழக்கை எடுக்கும் பிரிவில், போடும் மனு. அசல் உயில், இறப்புச் சான்று, சொத்துப் பட்டியலும் மதிப்பும், ஒரு சாட்சியின் பிரமாணப் பத்திரம், இவற்றோடு நெருங்கிய உறவினர்களின் பெயர், முகவரி. உயில் இல்லாமல் போயிருந்தால் யாருக்கு உரிமை வந்திருக்குமோ அவர்களுக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டால் வேலை சுலபம். யாராவது ஒருவர் கேவியட் (ஆட்சேப மனு) போட்டு எதிர்த்தால் மனு வழக்காக மாறிவிடும், பிறகு வருடக் கணக்குதான்.

எங்கள் வீட்டில் சிக்கல் இங்கேதான். உயில் இல்லாதிருந்தால் சித்தப்பாவுக்குப் பாதி வந்திருக்கும், மறு பாதி எங்கள் அப்பா பக்கத்துக்கு. உயிலில் அவர் பெயரே இல்லை, அவருடைய பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்காத மனிதரிடம் போய் "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துக் கேட்க வேண்டும். இதை வக்கீல் நோட்டீஸ் மூலம் செய்யாதீர்கள், முதலில் நேரில் போங்கள். நான் உயிலின் நகலையும் ஒரு வெள்ளைத் தாளையும் கொண்டுபோனேன். தாளில் கணக்கு எழுதிக் காட்டினேன்: உயில் இல்லாமல் பிரித்தால் அவர் வீட்டுக்கு ஐம்பது சதவீதம், உயில்படி அவருடைய மூன்று பிள்ளைகளுக்குச் சேர்த்து அறுபது. சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு தடவை பார்த்தார். "அப்ப உனக்கும் உங்கண்ணனுக்கும்தான் குறையுது." ஆமாம் சித்தப்பா என்றேன். காபி வந்தது. "எங்க போடணும்?" என்றார்.

புரொபேட் வாங்கியவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் புரொபேட் கிடைத்ததோடு கதை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. உயிலில் "விற்கக் கூடாது" என்றோ "இன்னாருக்கு மட்டுமே விற்க வேண்டும்" என்றோ நிபந்தனை இருந்தால் எக்ஸிகியூட்டர் அதை மீறி விற்க முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டும். விற்கச் சொல்லியிருந்தால் விற்கத்தான் அதிகாரம். எங்களிடம் ஒரு பில்டர் வந்து, இடித்துக் கட்டி ஆளுக்கொரு ஃப்ளாட் தருகிறேன் என்றார். அண்ணனுக்கு ஆசைதான். வக்கீலிடம் கேட்டோம். உயிலில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை, ஐந்து பேரும் சேர்ந்து வேறு வழி பார்ப்பது தனிக் கதை, எக்ஸிகியூட்டர் கையெழுத்தில் அது நடக்காது என்றார். விட்டுவிட்டோம்.

காகிதங்கள்

வாங்குகிறவரின் வக்கீல் கேட்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். அசல் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், குறைந்தது முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகரம் என்றால் டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகல், கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டண ரசீதுகள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்திலேயே எடுத்துவிடலாம். 1975-க்கு முந்தைய காலம் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய புத்தகத்தைத் தேட மனு போட வேண்டும். விலை பேசுவதற்கு முன்பே நீங்களே எடுத்துப் படித்துவிடுங்கள். என்றைக்கோ அடைத்த அடமானம் ஒன்று ரத்துப் பத்திரம் பதிவாகாமல் அதில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். பத்திரத்தில் அத்தையின் பெயர் தாத்தாவின் முழுப் பெயரோடு "குமாரத்தி" என்று இருந்தது. ஆதாரில் இனிஷியல் மட்டும். இறப்புச் சான்றில் பெயரின் கடைசி எழுத்து மாறியிருந்தது. மின் இணைப்போ, அத்தைக்கு வீட்டை விற்ற மனிதரின் பெயரிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது! சென்னையில் இது சர்வ சாதாரணம். இறப்புச் சான்றை மாநகராட்சி அலுவலகத்தில் திருத்திக்கொள்ளலாம், அதை முதலில் செய்யுங்கள். மற்றவற்றுக்கு எல்லாம் ஒரே நபர்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அசல் பத்திரம் காணவில்லை என்றால் போலீசில் புகார், நாளிதழில் அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ் என்று ஒரு தனிப் படலமே இருக்கிறது. விளம்பரம் கொடுப்பதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள், வாங்குகிறவர் பாதியில் கண்டுபிடித்தால் விலையில் கை வைப்பார்.

மனையையும் ஒருமுறை அளக்க வைத்துவிடுங்கள். பத்திரத்தில் உள்ள அடிக்கும் தரையில் உள்ள அடிக்கும் வித்தியாசம் இருந்தால், பதிவு அலுவலகத்தில் டோக்கன் போட்ட பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது மேல்.

வீடு காலியாகக் கிடக்கும் காலத்தில் சொத்து வரியை விட்டுவிடாதீர்கள். சென்னை மாநகராட்சியில் அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. சின்னத் தொகைதான், ஆனால் கணக்கு நோட்டில் அபராதம் என்று எழுதுவதைவிடத் தள்ளுபடி என்று எழுதுவது எனக்குப் பிடிக்கும்.

மாடிக் குடித்தனம் இருந்தால் அவருக்கு எழுத்தில் தெரிவித்து, வாடகையை எஸ்டேட் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் இறந்ததால் வாடகை ஒப்பந்தம் செத்துவிடாது, மீதிக் காலத்துக்கு அது உங்களையும் கட்டும். அவர் கொடுத்திருக்கும் அட்வான்சும் ஒரு கடன்தான். காலி செய்யும் அன்றைக்கு அதைத் திருப்பிக் கொடுக்கக் கையில் பணம் இருக்க வேண்டும். எங்கள் குடித்தனக்காரர் பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்றார். சரி என்று ஒத்துக்கொண்டு, தேதியைக் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

விலையும் கறுப்பும்

நல்ல விலைக்கு விற்றேன் என்று நீங்கள் பிறகு நிரூபிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் ஒரு மதிப்பீட்டு அறிக்கை வாங்குங்கள். வழிகாட்டி மதிப்பையும், அதாவது பதிவுக்கு அரசு குறித்திருக்கும் கைட்லைன் விலையையும், பதிவுத்துறைத் தளத்தில் தெரு பெயர் போட்டுப் பார்த்து அச்செடுத்து வையுங்கள். இரண்டு மூன்று தரகர்களிடம் சொல்லுங்கள். வருகிற ஒவ்வொரு விலையையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள், குறைவாகக் கேட்டுவிட்டுப் போனவர்களையும் சேர்த்து.

கொஞ்ச நாளில் அந்த ஆள் வருவார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். "மேடம், பத்திரத்துல கைட்லைன் போட்டுக்கலாம், மீதிய கேஷா வாங்கிக்கோங்க, உங்களுக்கும் டாக்ஸ் மிச்சம்." சொந்த வீடு என்றால் இதில் சபலப்படுகிறவர்கள் உண்டு. எக்ஸிகியூட்டர் இதைத் தொடவே கூடாது. ரொக்கமாக வந்ததை எந்தக் கணக்கில் காட்டுவீர்கள்? கனடாவில் இருப்பவளுக்கு அவள் பங்கை மூட்டை கட்டியா அனுப்புவீர்கள்? பத்திரத்தில் குறைவான விலை இருந்தால், பங்குதாரர் ஒருவர் நாளைக்கு "இவள் அடிமாட்டு விலைக்கு விற்றாள்" என்று வழக்குப் போட அந்தப் பத்திரமே சாட்சி. இதற்கு மேல், வீடு மனை விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். நான் அவரிடம், முழுப் பணமும் செக்கில் என்றால் பேசலாம் என்றேன். அவர் போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே வெளியே போனவர்தான்.

சொந்தத்திலேயே ஒருவர் வீட்டை எடுத்துக்கொள்ள விரும்பினால் தடையில்லை. மதிப்பீட்டு விலையை வைத்து, மற்ற எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஆனால் எக்ஸிகியூட்டரே வாங்குவது வேறு விஷயம். நேராக வாங்கினாலும், கணவர் பெயரில் மறைமுகமாக வாங்கினாலும், பாத்தியதை உள்ள எவரும் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு அந்த வீட்டின் மேல் ஆசை இல்லாமல் இல்லை, கிணற்றங்கரையில் வளர்ந்தவள். ஆனாலும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒப்பந்தமும் பதிவும்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். இருபது ரூபாய் பத்திரத் தாளில் எழுதி அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளும் பழைய பழக்கம் எக்ஸிகியூட்டருக்கு ஆகாது. ஒப்பந்தத்தில் நான் சரிபார்த்த இடங்கள் மூன்று. நான் கையெழுத்திடுவது உயிலை நிறைவேற்றுபவர் என்ற தகுதியில் மட்டுமே என்ற வரி. வீடு இப்போது இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது என்ற வரி. பணம் எஸ்டேட் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும் என்று கணக்கு எண்ணோடு ஒரு வரி.

வாங்குகிறவரின் வக்கீல், பங்குதாரர்கள் எல்லோரும் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார். சட்டப்படி எக்ஸிகியூட்டர் கையெழுத்தே போதும் என்று வாதாடலாம்தான். நான் வாதாடவில்லை. ஐந்து பேரும் போட்டுவிட்டால் நாளைக்கு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அது எனக்கும் நல்லது. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்குச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இது வாங்குகிறவர் செலவு. பதிவு நாளன்று உயில், புரொபேட், இறப்புச் சான்று எல்லாவற்றின் அசலும் கையில் இருக்கட்டும். பத்திர எழுத்தர் வரைவைக் கொடுக்கும்போது எண்களை நீங்களே பழைய பத்திரத்தோடு வைத்துப் பாருங்கள்: சர்வே எண், பிளாக் எண், கதவு எண், நான்கெல்லை. எங்கள் வரைவில் கிழக்கும் மேற்கும் மாறியிருந்தன. அண்ணி விரலை வைத்து வரி வரியாகப் படித்துக் கண்டுபிடித்தார்.

வங்கியின் டிடி கைக்கு வந்து, அதிலுள்ள பெயரையும் தொகையையும் படித்த பிறகுதான் கைரேகை வைக்க எழுந்திருக்க வேண்டும். வரிசையில் கூப்பிட்டுவிட்டார்கள் என்று பரபரக்க வேண்டாம், அடுத்த டோக்கனை அனுப்பிவிட்டு நம்மைக் கூப்பிடுவார்கள்.

வரி

இந்தியாவில் இறந்தவர் சொத்து மீதான எஸ்டேட் வரி 1985-லேயே போய்விட்டது. உயில்படி பங்கு வாங்குவதற்கும் வரி இல்லை. ஆனால் வீட்டை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. பங்கு பிரித்து முடியும் வரை எஸ்டேட்டின் வருமானத்துக்கு எக்ஸிகியூட்டர்தான் ரிட்டர்ன் போட வேண்டும். அத்தை வாங்கிய விலைதான் அடக்க விலை. அவர் வைத்திருந்த காலமும் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன்னால் வாங்கிய வீடு என்றால் அந்தத் தேதியின் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும். விற்பனைக்கு வாங்கும் அறிக்கையோடு இதையும் ஒரேயடியாகக் கேட்டுவிடுங்கள், ஒரு நடை மிச்சம்.

2024 ஜூலை 23 அன்றோ அதற்குப் பிறகோ விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு என்றால் இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பணவீக்கக் குறியீடு போட்டு 20 சதவீதம் என்ற பழைய கணக்கோடு ஒப்பிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். எஸ்டேட்டுக்கு அதை எப்படிக் கணக்கிடுவது என்று ஆடிட்டரை ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் டிடிஎஸ் (விலையிலிருந்து முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் தருவார். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதப்பட்டால் பிடித்தம் இதைவிட எவ்வளவோ அதிகம். உங்கள் எஸ்டேட்டில் வெளிநாட்டுப் பங்குதாரர் இருந்தால், விற்பவர் யார், எந்த பான் எண்ணில் பிடித்தம் என்பதை எழுத்தில் முடிவு செய்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

பணம் வந்தவுடனே ஐந்தாகப் பிரித்து அனுப்பச் சொல்லி போன்கள் வரும். அனுப்பாதீர்கள். வரி, ஆடிட்டர், வக்கீல் செலவுகளுக்கு ஒரு தொகையை ஒதுக்கி, அதைக் கணக்கில் தனி வரியாகக் காட்டி, மீதியைத்தான் பிரிக்க வேண்டும். எல்லாம் கொடுத்து முடித்த பிறகு நோட்டீஸ் வந்தால் அது உங்கள் முகவரிக்குத்தான் வரும், கனடாவுக்குப் போகாது.

பிரிப்பதற்கு முன் முழுக் கணக்கையும் எல்லோருக்கும் அனுப்பி, பதினைந்து நாள் கெடு கொடுத்தேன். அண்ணன் ஒரு கேள்வி கேட்டான்: பிளம்பருக்கு ஏன் இரண்டு முறை பணம்? ஒன்று மாடித் தொட்டி, ஒன்று கிணற்று மோட்டார், இரண்டுக்கும் ரசீது. சரி என்றான். ஒவ்வொருவருக்கும் வங்கி மூலம் அனுப்பி, பங்கு முழுதும் வந்து சேர்ந்தது, இனி கோரிக்கை எதுவும் இல்லை என்று கையெழுத்திட்ட ரசீது வாங்கினேன். கனடாக்காரிக்கு இங்குள்ள அவளுடைய என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) போட்டோம். அங்கிருந்து வெளியே எடுக்க ஆடிட்டர் சான்றும் படிவங்களும் அவள் பொறுப்பு.

வீட்டின் அசல் பத்திரங்கள் வாங்கியவரிடம் போய்விடும், ஆகவே கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, எதெதைக் கொடுத்தோம் என்ற பட்டியலில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ரிட்டர்ன் போட்டு, வரித்துறையின் பதில் வந்த பிறகு, ஒதுக்கி வைத்ததில் மிச்சத்தையும் அதே ஐந்து பங்காகப் பிரித்து அனுப்பி, வங்கிக் கணக்கை மூடி, மூடியதற்கான கடிதத்தை ஃபைலில் போட்டுவிடுங்கள். மின் இணைப்புப் பெயர் மாற்றத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்வார். ஆனால் கடைசி மீட்டர் அளவைச் சாவி கொடுக்கும் அன்றைக்கே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த பில் வரும்போது கேட்பார்.